அளக்காமல் எழுதிய எண்பத்தொன்று

நான் வேலை பார்த்த கிளினிக்கில் ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறதாம். வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டால் போதும். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நீளமான ஒரு காகிதத்தைத் துப்பிவிடுமாம். அங்கே இருக்கும் இளசுகள் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், உங்க காலத்துல வெறும் டேப்பை வச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றார்கள். உங்க காலத்துலயாம்! நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. என்னமோ கல்லை உரசி நெருப்பு மூட்டியவனிடம் கேட்பது போலக் கேட்கிறார்கள்.

சரி, எழுதுகிறேன். ஆனால் என் சாமர்த்தியத்தைப் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போவார்கள்.

அரசாங்கக் காகிதத்தில் என் பதவிக்கு நீளமான மலாய்ப் பெயர் ஒன்று உண்டு. மருத்துவருக்கு அடுத்த படியில் நின்று காயம் கட்டுவது, ஊசி போடுவது, சின்ன நோய்க்கு மருந்து கொடுப்பது எல்லாம் என் வேலை. மலேசியாவின் இந்த ஜொகூரில் நம் ஆட்களுக்கு நான் எப்போதும் 'டிரெசர்'தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு வந்த பெயர் அது. நான் ஒரு தோட்டத்திலும் வேலை பார்த்தவன் இல்லை. ரப்பர் மரத்துக்கும் செம்பனை மரத்துக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். படிப்பு மூன்று வருடம். அதில் இரண்டரை வருடம் ஊசி போடக் கற்றுக்கொண்டேன். மீதி அரை வருடம், ஊசி போட்டபின் வரும் திட்டை வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

முதலில் வேலைக்குப் போன ஊர் மெர்சிங். தீவுக்குப் படகு போகும் துறையில் இளம் மீனவர்களுக்கு எடை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். நான் தராசைக் கொண்டுபோய், காற்று நன்றாக வருகிறதே என்று துறையின் மரப்பலகை மேல் வைத்தேன். ஒருவர் ஏறினார், அறுபத்தெட்டு. இறங்கி ஏறினார், அறுபத்தைந்து. பக்கத்தில் ஒரு வண்டி மீன் பெட்டிகளோடு போனது, எழுபத்தொன்று. வரிசையில் நின்ற மலாய்ப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டிரெசர், கடல் ஏறினா இவன் எடையும் ஏறுது!" என்று ஒருவன் மலாயில் கத்தினான். தராசுக்குக் கெட்டியான, சமமான தரை வேண்டும் என்று மூன்று வருடப் படிப்பில் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்திருப்பேன்.

பிறகு பல ஊர் சுற்றி, வேலைக்காலத்தின் கடைசிப் பத்து வருடம் பாசிர் கூடாங் பக்கம் வந்து சேர்ந்தேன். அங்கேதான் சிஸ்டர் பிலோமினா.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை. தலைமை நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். கத்தோலிக்கக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். என்னைவிட நான்கு வயது இளையவர், என்னைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது நான்தான் நிமிர்ந்து பார்ப்பதாக ஓர் உணர்வு வரும். சத்தம் போட்டு யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். மெதுவாக, சுருள் அறுந்து விழாமல். அந்தச் சரக் சரக் சத்தம் கேட்டால் மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை அமைதியாகிவிடும். அவர் மேசையில் எத்தனை குட்டைப் பென்சில்கள் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அந்த மாதம் நான் எப்படி வேலை செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாம்.

இருபது வயதுக்காரர்களுக்குத்தான் இப்போது தொப்பை, அவர்களைத் தேடிப் போய் அளந்து வாருங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ரத்தம் எடுக்க ஆள் பற்றாது, எல்லாருக்கும் எடுக்கவும் முடியாது. அதனால் முதலில் எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு. உயரத்துக்கு மீறிய எடை இருந்தாலோ, இடுப்பு கோட்டைத் தாண்டினாலோ (ஆண்களுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர்), அவர்களுக்கு மட்டும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. சல்லடை மாதிரி. சல்லடையில் ஓட்டை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

"எடை பொய் சொல்லும் மிஸ்டர் பாலா" என்பார் சிஸ்டர். "எடை தூக்குறவனும் கனமா இருப்பான், தின்னுட்டுப் படுக்குறவனும் கனமா இருப்பான். நம்ம ஆளுங்களுக்குக் கை காலு குச்சியா இருக்கும், வயித்துல மட்டும் சேரும். அதனால டேப்புதான் நமக்குச் சாட்சி. சாட்சியைக் கெடுத்துடாதீங்க."

டேப் பிடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் சிஸ்டரிடம் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். சட்டையைத் தூக்கியாக வேண்டும், துணி மேல் அளக்கக் கூடாது. பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தி, கடைசி விலா எலும்பைத் தேட வேண்டும். அப்புறம் இடுப்பெலும்பின் உச்சியைத் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. டேப் அந்தப் புள்ளி மேல், தரைக்குச் சமமாகச் சுற்றிவர வேண்டும். முதுகுப் பக்கம் இறங்கிவிட்டதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். தோலைத் தொட வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. கைகள் தொங்க வேண்டும். இரண்டு முறை அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் மூன்றாவது முறை.

இதில் பெரிய தலைவலி மூச்சு. டேப்பைக் கண்டதும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "மூச்சை விடுங்க" என்றால் விட்டதுபோல நடிப்பார்கள். சிஸ்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். டேப்பைச் சுற்றிக்கொண்டே, "காலையில என்ன தம்பி சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். அவன் "ரொட்டி சானாய் ரெண்டு, அப்புறம்..." என்று பட்டியல் போட்டு முடிக்கும்போது மூச்சு தானாக வெளியே வந்து, வயிறு தன் நிஜ இடத்துக்குத் திரும்பியிருக்கும். அந்த நொடியில் எண்ணைப் படிப்பார். என்ன சாப்பிட்டான் என்ற தகவல் இலவசம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தே நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரை.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. அவர்களுடைய கேன்டீனில் மூன்று மேசை போட்டோம். முதல் மேசையில் எடையும் உயரமும், இரண்டாவதில் என்னுடைய டேப், மூன்றாவதில் விரல் குத்துவது. சிஸ்டர் அன்று வேறொரு கூட்டத்துக்குப் போய்விட்டார். எல்லாரும் முப்பது வயதுக்குக் கீழே, ஐம்பத்தெட்டு பேர். ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு அவர்களுடைய பஸ் கிளம்பிவிடும். இரண்டு மணிக்கு நான் பன்னிரண்டாவது ஆளின் விலா எலும்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"டிரெசரே, பஸ் போயிடும் லா!"

"இவரு எலும்பைத் தேடுறதுக்குள்ள நான் எலும்பாயிடுவேன் போல."

"அங்கிள், கூச்சமா இருக்கு, சட்டையைத் தூக்கணுமா? என் சிலுவார் சைஸ் முப்பத்திரண்டு. அதையே போட்டுக்குங்களேன்."

சிலுவார் என்றால் கால்சட்டை. இதைச் சொன்னவன் சும்மா சொன்னான். ஆனால் என் மண்டைக்குள் மணியடித்தது. டேப்பின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். முப்பத்திரண்டில் விரலை வைத்துத் திருப்பினால் எண்பத்தொன்று! கால்சட்டை இடுப்பில்தானே நிற்கிறது? இடுப்பைத்தானே கேட்கிறார்கள்? தையல்காரர் ஏற்கெனவே அளந்ததை நான் வேறு எதற்கு அளக்க வேண்டும்? அந்த நிமிடத்தில் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

"அடுத்த ஆள்! சிலுவார் சைஸ்?"

"முப்பத்தி நாலு."

"எண்பத்தாறு. அடுத்து?"

வரிசை ரயில் மாதிரி ஓடியது. இரண்டே முக்காலுக்கு எல்லாரையும் முடித்துவிட்டு, கேன்டீன் அக்கா நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரேக் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. கோட்டுக்குக் கீழே இருந்தால் 'நோர்மல்' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டு, கீழே என் கையெழுத்து. என் கையெழுத்து கொஞ்சம் அலங்காரமாக இருக்கும். அமைச்சர் போடுகிற மாதிரி.

மறுநாள் காலை பென்சில் சீவும் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் பாலா, இங்க வாங்க." நான் நிரப்பிய படிவங்கள் மேசையில் விசிறி மாதிரி பரப்பிக் கிடந்தன. "முதல் பதினோரு பேரை விடுங்க. அப்புறம் எழுபத்தாறு. எண்பத்தொன்னு. எண்பத்தாறு. தொண்ணூத்தொன்னு. மறுபடியும் எண்பத்தொன்னு. எண்பத்தி மூணுன்னு அந்த பேக்டரியில ஒருத்தர்கூட வேலை செய்யலையா?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"அஞ்சஞ்சா ஏறுது. மனுஷன் வயிறு அப்படி ஏறாதே. இந்த அளவுல என்ன வரும்னு யோசிச்சேன். வீட்டுல என் மகனோட ஜீன்ஸ் ஞாபகம் வந்துச்சு." சுருள் அறுந்து விழுந்தது. அது விழுந்து நான் பார்த்ததே இல்லை. "கடையில தொங்குற சிலுவாரை அளந்தீங்களா, ஆளை அளந்தீங்களா?"

"சிஸ்டர், கால்சட்டை இடுப்புலதானே..."

"நேரா நில்லுங்க. உங்க சிலுவார் எங்க நிக்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். முதலில் தெரியவில்லை. வயிறு மறைத்தது. பிறகு கையால் தடவிப் பார்த்தேன். என் பெல்ட் தொப்பைக்குக் கீழே, எலும்பெல்லாம் தாண்டி, எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது. தொப்பை வளர வளர நாம் கால்சட்டையை மாற்றுவதில்லை, கீழே இறக்கிக்கொள்கிறோம். சைஸ் அதேதான். இருபது வருடமாக நான் முப்பத்து நான்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது இப்படித்தான்.

"இப்ப நான் என்ன செய்யணும் சிஸ்டர்?"

"அளக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் பொறுப்பு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அடுத்த வாரம், இந்த முறை சிஸ்டரும் கூட வர, அதே கேன்டீனுக்குப் போனோம். பையன்கள் என்னைப் பார்த்ததும், "டிரெசர் வந்துட்டாரு, எல்லாரும் சைஸை மனப்பாடம் பண்ணுங்கடா!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு விலாவாகத் தேடினேன். மூன்றாவது மேசைக்குப் போக வேண்டியவர்களில் ஏழு பேரை முந்தைய வாரம் நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று தெரிந்தது. ஏழு பேருக்கும் குத்திப் பார்த்தோம். பெரிய ஆபத்து இல்லை. நான் மூச்சு விட்டேன்.

"ஐம்பத்தேழுதான் இருக்கு" என்றார் சிஸ்டர்.

குறைந்தவன் பெயர் தினேஷ். வயது இருபத்து நான்கு. போன வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டான், சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றார்கள். எனக்கு அவனை நினைவிருந்தது. ஒல்லியான கை, ஒல்லியான கழுத்து, தொளதொளவென்று கம்பெனி சட்டை. எடையும் உயரமும் கச்சிதம். சைஸ் முப்பத்திரண்டு. எண்பத்தொன்று. நோர்மல். அமைச்சர் கையெழுத்து.

படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"அதான் நான் நோர்மல்னு சொல்லிட்டீங்களே அங்கிள்" என்றான்.

"இல்ல தம்பி, இன்னொரு தடவை..."

"வேலையா இருக்கேன் அங்கிள்." வைத்துவிட்டான். அடுத்த நாள் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவன் அம்மா எடுத்தார். "நீங்கதான் அந்த டிரெசரா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே எனக்கு வியர்த்தது. "செடெனாக்குல எங்க வீட்டுக்கு வாங்க. நேர்ல பேசணும்."

விடுமுறை நாளில் சிஸ்டரின் காரில் போனோம். தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். "உங்களைத் தனியா அனுப்பினா அவங்க சிலுவார் சைஸைக் கேட்டுட்டு வந்துடுவீங்க" என்றார். வழியெல்லாம் செம்பனை. நான் என் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கருவியில் சிறு கோளாறு, மறு பரிசோதனை, வழக்கமான நடைமுறை என்று அழகான பேச்சு.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பெட்டி. குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவில், அன்னாசிப்பழக் காந்தம் ஒன்றின் கீழே, என் சீட்டு.

"உக்காருங்க டிரெசரே" என்றார் தினேஷின் அம்மா. பெயர் சாந்தி. பள்ளிக்கூட கேன்டீனில் சமையல். "இந்தக் கையெழுத்து உங்களதா?"

"என்னதுதாம்மா."

"இவங்க அப்பாவுக்குச் சக்கரை. இவனை மாதிரிதான், கை காலு குச்சி, வயிறு மட்டும் தனியா. ஒல்லியா இருக்கேன், எனக்கு ஒன்னும் இல்லைன்னே திரிஞ்சாரு. காலு போச்சு. அடுத்த வருஷம் அவரே போயிட்டாரு. ஆறு மாசமா இவன்கிட்ட ரத்தம் பாருடா, ரத்தம் பாருடான்னு கத்திக்கிட்டு இருக்கேன். ஒருநாள் இந்தச் சீட்டைக் கொண்டாந்து ஒட்டினான். அன்னையிலேருந்து நான் வாயைத் திறந்தா விரலை நீட்டி இதைக் காட்டுறான். கவர்மென்டே சொல்லிருச்சாம்."

தினேஷ் சோபாவின் கையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். பெரிய பாட்டிலில் தண்ணீர் பக்கத்தில். பேசிக்கொண்டிருக்கும்போதே அரைப் பாட்டில் காலியானதை சிஸ்டர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மா, விடுங்க மா. அதான் நோர்மல்னு இருக்கில்ல?"

"தம்பி, கருவியில ஒரு சின்னக் கோளாறு..." என்று ஆரம்பித்தேன். சிஸ்டர் கையில் இருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். சத்தமே வரவில்லை. ஆனால் எனக்குப் பென்சில் சீவுவது கேட்டது.

"கோளாறு கருவியில இல்ல தம்பி" என்றேன். "நான் அன்னைக்கு உங்களை அளக்கவே இல்ல. பஸ் போயிடும்னு சிலுவார் சைஸைக் கேட்டு எழுதிட்டேன். எண்பத்தொன்னுங்கிறது உங்க ஜீன்ஸோட அளவு. உங்க அளவு எனக்குத் தெரியாது."

அவன் போனைக் கீழே வைத்தான்.

"அளக்கவே இல்லையா?"

"இல்ல."

"அங்கிள், அன்னைக்கு வரிசையில நான் ஏன் நின்னேன் தெரியுமா? என் பிரெண்டுங்க எல்லாம் ஓடிட்டாங்க. பயந்துக்கிட்டுத்தான் நின்னேன். அப்பா மாதிரி ஆயிருமோன்னு. நீங்க நோர்மல்னு சொன்னீங்க. அப்பாவை எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இப்ப வந்து அது நோர்மல் இல்லன்னு சொல்றீங்க. இதை மட்டும் நான் ஏன் நம்பணும்?"

முப்பது வருடத்துக்கு மேலாக நோயாளிகளைச் சிரிக்கவைத்தே பிழைத்தவன் நான். ஊசிக்கு ஒரு ஜோக், தையலுக்கு ஒரு ஜோக். அன்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"நம்ப வேண்டாம்" என்றார் சிஸ்டர். "சாந்தி, வீட்டுல ராபியா கயிறு இருக்கா?"

சாமான் கட்டும் சிவப்பு நைலான் கயிறு ஒரு கண்டு வந்தது. "தம்பி, நீங்களே அளங்க. எங்க டேப்பு வேணாம், எங்க பேனா வேணாம். முதல்ல இவரை."

"என்னையா?"

"செருப்பைக் கழட்டிட்டுச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க மிஸ்டர் பாலா."

நின்றேன். அவன் என் தலையிலிருந்து தரைவரை கயிற்றைப் பிடித்து வெட்டினான். "அதை ரெண்டா மடிங்க. இப்ப அவர் வயித்தைச் சுத்துங்க. இங்க இல்ல, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல. ஒருத்தரோட உயரத்துல பாதிக் கயிறு அவர் வயித்தைச் சுத்தி வரணும். ரெண்டு முனையும் தொட்டா சரி."

தொடுவதாவது! என் வயிற்றின் முன்னால் ஒரு சாணுக்கு இரண்டு முனைகளும் ஒன்றையொன்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றன. சாந்திதான் முதலில் சிரித்தார். "அலமாக் டிரெசரே, நீங்க நோர்மல்னு யாரு எழுதிக் குடுத்தா?"

தினேஷும் கொஞ்சம் சிரித்துவிட்டான். பிறகு அவன் சிரிப்பு நின்றது. யாரும் சொல்லாமலே செருப்பை உதறிவிட்டுச் சுவரில் போய் நின்றான். அவன் அம்மா கயிற்றைப் பிடித்தார். வெட்டினார், மடித்தார். சட்டையைத் தூக்கிக்கொண்டு அவனே சுற்றினான். ஒல்லிப் பையன். கயிறு வலப்பக்கமிருந்து வந்தது, இடப்பக்கமிருந்து வந்தது. நடுவில் நான்கு விரல் இடைவெளி.

அவன் இழுத்துப் பார்த்தான். "இறுக்கக் கூடாதும்மா" என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார், அவனிடம் இல்லை, அவன் அம்மாவிடம். சாந்தியும் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில ஒன்னும் சாப்பிடாம வாங்க தம்பி" என்றேன். "நானும் சாப்பிடாம வர்றேன். உங்களுக்குக் குத்துற மாதிரியே எனக்கும் குத்தட்டும்."

"நீங்க குத்தக் கூடாது" என்றான் உடனே.

"சரி, சிஸ்டர் குத்துவாங்க."

கிளம்பும்போது குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சீட்டை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். சாந்தி முந்திக்கொண்டு எடுத்து, நாலாக மடித்து, என் சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார். பொறுப்பு டாக்டரின் கடிதத்தைவிட அது கனமாக இருந்தது.

மறுநாள் காலையில் கிளினிக்கில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குப் பசி, எனக்குப் பசியோடு பயம். முதலில் எனக்குக் குத்தினார்கள். 6.4. எங்கள் கணக்கில், வெறும் வயிற்றில் ஏழு வந்தால் நோய். சர்க்கரை வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை. அடுத்து அவனுக்கு. 8.1. சிஸ்டர் எண்ணை இரண்டு முறை பார்த்தார். டாக்டர் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி அனுப்பினார். அதுவும் அதையேதான் சொன்னது. அவனுக்குச் சர்க்கரை வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

"காலு போயிடுமா?" என்று கேட்டான். இருபத்து நான்கு வயது.

"உங்க அப்பாவுக்கு எப்ப தெரிஞ்சது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"புண்ணு வந்தப்பதான்."

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"இப்ப."

"புண்ணு இருக்கா?"

காலைத் தூக்கி, இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்ல."

"அப்புறம் என்ன? காலு இருக்குல்ல, நடங்க."

சிங்கப்பூர் வேலை போய்விடுமோ என்பது அவனுடைய அடுத்த பயம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்ன நாளில் வந்து போனால் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். ஆகவும் இல்லை. ஒரு மாதம் தள்ளிப் போய்ச் சேர்ந்தான். இப்போதும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போகும் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறான்.

அவனை நான் திருத்தினேன் என்று எழுதினால் சிஸ்டர் இதைப் படித்துவிட்டு ஒரு பெட்டிப் பென்சில் வாங்குவார். திருத்தியது அவன் அம்மாவும், அவனுடைய பிடிவாதமும். ஆறு மாதத்தில் அவன் கயிறு முனையோடு முனை தொட்டது. மருந்தைக் குறைத்தார்கள். நான்? எனக்கும் அதே டாக்டர் அதே நடைதான் சொன்னார். நான் சொல்லிக் கொடுக்கும் வேலையில் இருந்தவன், செய்து பார்க்கும் பழக்கம் இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு எண் வரும். வணக்கம் கிடையாது, எப்படி இருக்கீங்க கிடையாது. சுற்றளவு மட்டும். கூடவே, டேப் சுற்றிய வயிற்றின் படம் ஒன்று, எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி. பதிலுக்கு நான் என்னுடையதை அனுப்ப வேண்டும். அது அவன் போட்ட விதி, நான் மறுக்க முடியாத விதி. இந்த மாதம் அவனுக்கு எண்பத்து மூன்று. நான் கொஞ்சம் யோசித்து, டேப்பை எடுக்காமலே என்னுடையதைத் தட்டி அனுப்பினேன்: தொண்ணூற்றொன்று.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"படம் அனுப்புங்க அங்கிள். நீங்க எழுதினா நான் நம்ப மாட்டேன்."

நியாயம்தானே. மனைவியைக் கூப்பிட்டேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு, விலாவைத் தேடி, எலும்பைத் தேடி, டேப்பைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அவள் போனை நேராகப் பிடித்தாள், பிறகு குறுக்காகப் பிடித்தாள், பிறகு சமையலறைவரை பின்னால் நடந்து போனாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒரே படத்துல அடங்க மாட்டேங்குதே" என்றாள்.

இரண்டு படங்களாக அனுப்பிவைத்தேன்.